விமலாவின் லாவை நான் வெட்டிய கதை

ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கேட்பது நல்ல வழக்கம்தான். கேட்ட கையோடு மறந்துவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. ஆண்டு மலருக்காகப் "புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை" எழுதித் தரச் சொன்னீர்கள். நாலே வார்த்தை போதுமென்றால் இதோ: ரூபியின் கிளாசைத் தொடாதீர்கள், பிள்ளைகளே. முடிந்தது. ஆனால் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் ஒருவர் சொன்னார், நானும் கேட்கவில்லை. அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். ரூபி என்ற கணினி மொழியில் எண், எழுத்துத் தொடர், பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் கிளாஸ் என்று பெயர். வேறு பல மொழிகளில் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். ரூபியில் கதவு எப்போதும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஆணி அடிக்கலாம், சுவரை இடிக்கலாம், சமையலறையைக் கூடத்துக்கு மாற்றலாம். அதே வீட்டில் இன்னும் பலர் குடியிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கெட்டிக்காரர்கள் எல்லாரும் விடிவதற்குள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்கள் நாங்கள். தொழிற்சாலைகளுக்கு அரட்டைப் பாட் செய்து கொடுப்பது எங்கள் தொழில். போனில் தொழிலாளர்கள் எழுதுவதைப் படித்துப் பதில் சொல்லும் நிரல்தான் பாட். பஸ் யாருக்கு வேண்டும், விடுப்பு யாருக்கு, ஓவர்டைம் யாருக்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒட்டவைத்த ஒரு சிறு நிரல், அதுதான் பிளகின். மொத்தம் ஏழு பிளகின். ஏழையும் எழுதியவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் நான் இதைச் செய்த காலத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

நான் மூத்தவள் என்பதால் பொதுவான பகுதி என் பொறுப்பு. முதலில் எண்களுக்கு இரண்டு மெத்தட், அதாவது இரண்டு புதுச் செயல், கூட்டினேன். மூன்று நாள் என்று சொல்ல '3.ஹாரி', பத்து நிமிடம் என்று சொல்ல '10.மினிட்' என்று எழுதினால் போதும். மலாய்ச் சொல், படித்தால் அப்படியே புரியும். ஒருவருக்கும் கெடுதல் இல்லை. அலுவலகமே மெச்சியது. "அக்கா கை பட்டா ரூபியே மலாய் பேசுது" என்றார் எங்கள் பாஸ். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பாராட்டுக்கு மட்டும் பஞ்சம் வைக்காத மனிதர். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. தலை கொஞ்சம் கனத்தால் கை சும்மா இருக்காது.

அடுத்து 'நில்' மேல் கை வைத்தேன். நில் என்றால் ரூபியில் 'ஒன்றுமில்லை' என்று பொருள். இல்லாத ஆளுக்கு ஒரு வேலை சொன்னால் ரூபி கத்தி ஊரைக் கூட்டும், பாட் அப்படியே படுத்துவிடும். வாடிக்கையாளர்கள் பாஸுக்குப் போன் போடுவார்கள், பாஸ் என்னைப் பார்ப்பார். எதற்கு வம்பு என்று நில்லை ஊமையாக்கினேன். என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல் சும்மா இருக்கும்படி நாலு வரி. அன்றிலிருந்து பாட் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. அதன் பொருள் அதில் பிழையே இல்லை என்று நான் நம்பினேன். காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்துவிட்டு நோய் போய்விட்டது என்று மகிழ்ந்தவள் நான்.

பிறகு லா வந்தது.

ஜொகூரில் ஒரு வாக்கியத்தை லா என்ற வெற்று ஒட்டு இல்லாமல் முடிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் காட்டுங்கள். பஸ் வேண்டுமா என்று பாட் கேட்டால் 'ஓக்கே லா' என்பார்கள். ஓவர்டைம் செய்ய முடியுமா என்றால் 'போலே லா', அதாவது முடியும் லா, என்பார்கள். பாட்டுக்கு 'ஓக்கே' புரியும், 'போலே' புரியும், லா புரியாது. புகார் மேல் புகார்.

முறையாகச் செய்வதென்றால் லாவை நீக்கப் புதிதாக ஒரு மெத்தட் எழுதி, தேவைப்படும் பிளகின்களில் மட்டும் அதைக் கூப்பிட வேண்டும். அதற்கு ஏழு பேரின் நிரலைத் திறந்து படிக்க வேண்டும். எனக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியது. எழுத்துத் தொடருக்கு 'ஸ்ட்ரிப்' என்று பழைய மெத்தட் ஒன்று உண்டு. முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தைத் துடைப்பது மட்டுமே அதன் வேலை. ஏழு பிளகினும் வரும் செய்தியை முதலில் ஸ்ட்ரிப் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். ஸ்ட்ரிப்புக்கே லாவை வெட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால்? ஒரே வரி. ஏழு பிளகினும் ஒரே நாளில் ஜொகூர்த் தமிழ், ஜொகூர் மலாய், ஜொகூர் ஆங்கிலம் எல்லாம் கற்றுக்கொள்ளும்.

பக்கத்து மேசையில் ஒரு சீன நண்பர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். என் வரியைப் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சியாப்பா லாகி பாக்காய்?"

இதை இன்னும் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கிறார்.

"எல்லாரும்தான். அதுதானே இதுல அழகு" என்றேன்.

"ஓக்கே லா" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

சோதித்தாயா என்று கேட்பீர்கள். சோதிக்காமலா? பத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். பத்திலும் லா இருந்தது, பத்திலும் போனது. ஒரு பெயரை எழுதிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. என் பெயர் வல்லியில் முடிகிறது. அடுத்தவர் பெயர் எதில் முடியும் என்று நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

மூன்று வாரம் கழித்துப் பத்து பகாட் என்ற ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே துணி தைக்கும் தொழிற்சாலை ஒன்று எங்கள் பாட்டைப் பயன்படுத்தியது. மறுநாள் வேலைக்கு வருகிறவர்கள் மாலை ஆறு மணிக்குள் பஸ் குழுவில் தங்கள் பெயரை எழுதி உறுதி செய்ய வேண்டும். சிலர் வீட்டில் ஒரே போனை இரண்டு பேர் வைத்திருப்பார்கள் என்பதால் போன் எண் பார்ப்பதில்லை, பெயர்தான் கணக்கு. ஒரு வாரத்தில் மூன்று நாள் உறுதி செய்யத் தவறினால் ஒரு எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் ஆறு மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நேரில் வந்து நாள் தவறாமல் வேலை செய்தாலும் அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. அலுவலகங்களின் அறிவு எப்போதுமே அப்படித்தான், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு தொழிலாளி மூன்றாவது கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம். பாட் செய்தவர்கள் நேரில் வந்து சொன்னால்தான் போடுவேன் என்கிறாராம். பாஸும் நானும் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பாஸ் சிரித்துக்கொண்டே வந்தார். சிஸ்டத்தை எதிர்த்து வழக்காடும் முதல் மனுசி என்றார். நானும் சிரித்தேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பணியாளர் அதிகாரியான ஒரு மலாய்ப் பெண்மணி, எல்லாரும் அவரைப் புவான், அதாவது அம்மையார், என்றே அழைத்தார்கள். அவர் பக்கத்தில் லைன் மேற்பார்வையாளர். எதிரே தொழிற்சாலைச் சட்டையோடு விமலா. முப்பது வயதுக்குள் இருக்கும். மேசை மேல் கடிதம், அதன் மேல் பேனா. மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும், போடாவிட்டாலும் போகும். அது தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புவான் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். விமலா என்ற பெயருக்கு நேரே மூன்று வாரமும் வெற்றுக் கட்டங்கள், ஒரே ஒரு நாளைத் தவிர.

"நான் தெனமும் அனுப்புறேன் மேடம்" என்றார் விமலா என்னைப் பார்த்து. "அஞ்சு மணிக்கெல்லாம் அனுப்பிடுவேன். இந்தா பாருங்க."

போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். விமலா என்று அவர் எழுதியிருக்கிறார். கீழே எங்கள் பாட், மலாயில் நன்றி சொல்கிறது: 'தெரிமா காசே, விம.' அடுத்த நாள், விமலா. 'தெரிமா காசே, விம.' அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"பஸ்ல எல்லாரும் என்னை விம விமன்னு கேலி பண்றாங்க. சூப்பர்வைசர் கிட்ட சொன்னா, பேர ஒழுங்கா அடின்னு சொல்றாரு. என் பேர எனக்கு அடிக்கத் தெரியாதா? ஒரு நாள் கோவம் வந்துருச்சு. இந்தா, இத பாருங்க."

அந்த நாளில் அவர் எழுதியிருந்தது: 'விமலா லா.'

பாட்டின் பதில்: 'தெரிமா காசே, விமலா.'

"அன்னிக்கு மட்டும் எடுத்துக்கிச்சு. ஏன் மேடம், கோவப்பட்டாத்தான் இதுக்குக் காது கேக்குமா?"

ஒரு லாவை வெட்டு என்று சொன்னேன், வெட்டியிருக்கிறது. விமலாவில் இருந்த லாவை. மிச்சமிருக்கும் விம என்ற பெயரில் பட்டியலில் யாரும் இல்லை. யாரும் இல்லையென்றால் ரூபி கத்தியிருக்க வேண்டும். அதன் வாயைத்தான் நான் ஏற்கெனவே கட்டிவிட்டேனே. அவர் கோபத்தில் ஒரு லாவைக் கூடுதலாகக் கொடுத்த அன்று மட்டும் என் மெத்தட் அதை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவைத்திருக்கிறது.

புவானுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. பட்டியலில் பதிவான அந்த ஒரு நாளை விரலால் தொட்டுக் காட்டி, "பார்த்தீர்களா, ஒழுங்காக அனுப்பிய நாளில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. சிஸ்டத்தில் குறையில்லை" என்று மலாயில் சொன்னார். மேற்பார்வையாளர் தலையாட்டினார். சாட்சியும் ஆதாரமும் கையில் இருந்தும் அந்தப் பெண் தோற்றுக்கொண்டிருந்தார்.

பாஸ் கெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். என் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தார்.

"அக்கா, பதிவு லாக்ல அவங்க பேரு இல்ல. அத மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லியே."

உண்மைதான், பொய்யில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்து வியக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஸ்கூடாய்க்குத் திரும்பி அந்த ஐந்து வரியைச் சத்தமில்லாமல் அழித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் மூத்தவள், ரூபியையே மலாய் பேச வைத்தவள், என் பெயரும் கெட்டிருக்காது. சொல்லலாமா என்று நான் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று உங்களிடம் கதை விடமாட்டேன். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தேன்.

விமலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரின் பார்வை. காது கேக்குமா என்று அவர் கேட்டதைக் கிண்டல் என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"புவான், இவர் தினமும் அனுப்பியிருக்கிறார். வந்த பெயரை வெட்டியது நான்" என்று மலாயில் சொன்னேன். பிறகு ஒரு காகிதத்தில் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, கடைசி இரண்டு எழுத்தைப் பேனாவால் அடித்துக் காட்டினேன். லா என்றால் என்னவென்று புவானுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அலமாக்" என்றார், அடக் கடவுளே என்பதுபோல.

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, முந்தைய இரண்டையும் சேர்த்துக் கிழித்தார். விமலா பேனாவை எடுத்து மூடி போட்டு அதே இடத்தில் வைத்தார். எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

திரும்பும்போது ஆயர் ஹீத்தாம் ஊரைத் தாண்டும்வரை காரில் வானொலிகூட ஓடவில்லை. என் வேலைக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்போது அவர் கேட்டார்.

"எத்தனை பேரு, அக்கா?"

"என்ன எத்தனை பேரு?"

"லாவுல முடியற பேரு."

அன்று அந்த ஆளின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் போகவில்லை. அறைக்குள் கோழையாக இருந்தவர் காருக்குள் சரியான கேள்வியைக் கேட்டார். சிலருக்குக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது. அது என் சீன நண்பர் மூன்று வாரத்துக்கு முன் கேட்ட அதே கேள்விதான் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் வந்ததும் அந்த ஐந்து வரியையும் அழித்துவிட்டுப் பட்டியலைத் தேடினேன். அந்தத் தொழிற்சாலையில் மட்டும் ஆறு பேர். லைலா என்று ஒருவர் இருந்தார். லாவைக் கழித்தால் லை. பேக்கிங் பகுதியில் லை என்ற பெயரில் ஒரு சீனப் பெரியவர் நிஜமாகவே இருந்தார். அவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் நாள் தவறாமல் வேலைக்கு வருவதாக உறுதி கொடுத்திருந்தார். அந்த மாதத்தின் மிகப் பொறுப்பான தொழிலாளி அவர்தான். இதைப் படித்து அலுவலகமே சிரித்தது. ஐந்து பேரின் கடிதங்களைப் புவான் ரத்து செய்தார்.

ஆறாவது பெயர் மஞ்சுளா. சிரிப்பு அங்கே நின்றது.

பள்ளியில் லகரம் ளகரம் மாற்றி எழுதினால் தமிழ் வாத்தியார் விரலை நீட்டச் சொல்லி அடிப்பார். அந்த அடியெல்லாம் எனக்குத்தான், கணினிக்கு இல்லை. போனில் எல்லாரும் மலாய்க்குரிய ஆங்கில எழுத்தில் அடிப்பதால் லாவும் ளாவும் அதற்கு ஒன்றே. மஞ்சுளாவின் ஒப்பந்தம் விமலாவுக்கு ஒரு வாரம் முன்னால் முடிந்துவிட்டது. மூன்று கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளுவாங் என்ற ஊருக்குப் போய்விட்டார். விமலா சண்டை போட்டதால் அவர் வேலை தப்பியது. இவர் சண்டை போடவில்லை.

திரும்ப வேலைக்குக் கூப்பிடும் கடிதத்தைப் புவான் அன்றே எழுதினார். தபாலில் போகட்டும் என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

குளுவாங் பசாருக்கு எதிரே பள்ளிச் சீருடை விற்கும் ஒரு கடையில் மஞ்சுளா பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். என் வயதைப் பார்த்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாரென்று சொன்னேன். நடந்ததை முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். தவறு என்னுடையது, அவருடையது இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏம்மா யார்கிட்டயும் கேக்கல?" என்றேன். கேட்டபிறகுதான் அதைக் கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று தோன்றியது.

"தெனமும் பேரு அடிச்சா, தெரிமா காசே மஞ்சுன்னு வரும் அக்கா. வீட்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. கம்பெனில யாரும் கூப்பிட்டதில்ல. இதுக்கு எப்படித் தெரியும்னு ஆச்சரியமா இருந்துச்சு. என்னை இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கறது போய் தப்பாச் சொல்லுமா? நாந்தான் எங்கியோ விட்டுட்டேன்னு நெனச்சேன்."

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் பல பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு திட்டும் இந்த அளவுக்கு உள்ளே போகவில்லை. இந்தக் கதையில் பாடம் எங்கே என்று தேடாதீர்கள். நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் மார்தட்டும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒருவர் தன் மேல்தான் தப்பு என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். நில் கத்தட்டும், விடுங்கள். அது கத்துவது அவருக்காக.

கடிதத்தைப் படித்துவிட்டு மஞ்சுளா கேட்டார்.

"திரும்ப வந்தா, எந்தப் பேரு அடிக்கணும்?"

"உங்க பேருதான்மா. முழுசா."

பஸ் குழுவில் அவரைப் புவான் காலையிலேயே சேர்த்திருந்தார். மஞ்சுளா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுப் போனை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக அடித்தார். பாட் உடனே பதில் சொன்னது: 'தெரிமா காசே, மஞ்சுளா.'

அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மஞ்சுன்னே சொல்லியிருக்கலாம் லா."